காலி நாற்காலிகளுக்குப் பேசிய ஜூடித்

கிஷோர் என்கிற அந்தப் பையன் ஃபிராடு என்று நான் முதல் நாளே சொன்னேன். அப்புறம் கம்பெனி பூட்டிக்கொண்டு போனது, பேப்பரில் அவன் படம் வந்தது, போலீஸ்காரர் என் கடைக்கே வந்து விசாரித்துவிட்டுப் போனார். எல்லாம் ஆயிற்று. ஆனால் என் கடையில் வேலை பார்த்த ஜூடித் ஒரு தரம்கூட என்னைப் பார்த்து, "நீங்க அன்னிக்கே சொன்னீங்க பாஸ்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? இப்போது அவள் ஈஜிபுராவிலும் இல்லை, இந்த உலகத்திலும் இல்லை. இனிமேல் யார் வந்து சொல்லப்போகிறார்கள்? எனக்கு அந்தக் குறை அப்படியே நிற்கிறது.

என் வீட்டுக்காரி ஜெயலட்சுமி கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். "அவன் ஃபிராடுன்னு தெரிஞ்சிக்கினா சொன்னே? உன் கடையிலேர்ந்து அவள இட்டுக்கினு போயிட்டான்னு வயித்தெரிச்சல். அதுல சொன்னே." அவள் எப்போதுமே ஜூடித் கட்சி.

நான் வேலூர்ப் பக்கத்துக்காரன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். பெங்களூருக்கு வந்து லாரி ஷெட்டில் மூட்டை தூக்கி, அப்புறம் ஈஜிபுரா மெயின் ரோட்டில் எஸ்டிடி பூத் போட்டேன். மஞ்சள் போர்டு, ஒரு கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எழுத்தில் ஓடுகிற மீட்டர். வீட்டுக்கு வீடு போன் இல்லாத காலம். மேஸ்திரி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்த தமிழ் ஜனம் எல்லாம் ஊருக்குப் பேச என் கடைக்குத்தான் வரும். கூட்டத்தைச் சமாளிக்க எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

ஜூடித் வந்து நின்றாள். அதே தெருவில் அக்கா கேரலுடன் ஒண்டிக் குடித்தனம். அக்கா நர்சரி ஸ்கூல் டீச்சர், தங்கை ஓர் ஆஸ்பத்திரியில் போன் ஆபரேட்டராக இருந்தவள். ஆஸ்பத்திரியில் தானாகவே பேசுகிற மெஷின் வாங்கிவிட்டார்கள், இவளை அனுப்பிவிட்டார்கள். முப்பத்தைந்து வயசிருக்கும். குள்ளம். தோளில் பின் குத்திய வாயில் புடவை. கைப்பையில் எந்நேரமும் கிராம்பு, தொண்டைக்காம். ஐஸ் தண்ணீர் கொடுத்தால் விஷம் கொடுத்த மாதிரி பார்ப்பாள்.

"என்ன பாஷை தெரியும்?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு எது வேணும்?" என்றாள்.

தமிழ், கன்னடம், இங்கிலீஷ், சிவாஜிநகர் சாயபுமார் பேசுகிற உருது, கொஞ்சம் மலையாளம். எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. அன்றைக்கே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கே என்னை "பாஸ்" என்று கூப்பிட ஆரம்பித்தாள். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

அவள் வந்தபிறகுதான் கடையில் அந்தப் பழக்கம் வந்தது. பேசத் தெரியாதவர்களுக்காக அவளே பேசுவாள். ஒரு நாள் திருவண்ணாமலைப் பக்கத்து அம்மா ஒன்று அழுதுகொண்டு வந்தது. புருஷனுக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை, காண்ட்ராக்டர் கிருஷ்ணப்பா வேறு ஆளை வைத்துவிடுவாராம். அந்தம்மாவுக்குக் கன்னடம் வராது, அவருக்குத் தமிழ் வராது. ஜூடித் போனை எடுத்து, "அண்ணா, நானு அவர தங்கி மாதாடோது" என்று தொடங்கினாள். நான்தான் அவன் தங்கச்சி பேசுகிறேன் என்று. எவ்வளவு உருக்கம்! கடைசியில் கிருஷ்ணப்பாவே, நல்லாத் தேறி வரட்டும்மா, வேலை எங்கே போகிறது என்று சொல்லிவிட்டார்.

அந்தம்மா போனதும் கேட்டேன். "அவனுக்கு நீ எப்போ தங்கச்சி ஆனே? பொய்தானே இது?"

"பொய் எங்கயிருக்கு பாஸ்? அந்தம்மாவுக்கு கன்னடம் வந்திருந்தா இதையேதான் பேசியிருப்பாங்க. நான் வாயி மட்டும்தான் குடுத்தேன்."

வாய் கொடுப்பது. அவள் அதை அப்படித்தான் சொல்வாள், யாரோ ரத்தம் கொடுக்கிற மாதிரி. ஹாஸ்டல் பெண்ணுக்கு அம்மாவாகப் பேசுவாள். கணவனோடு கோபித்துக்கொண்டு வந்தவளுக்கு நாத்தனாராகப் பேசுவாள். கெட்டதற்குப் பேச மாட்டாள். கடன்காரனிடம் ஊரில் இல்லை என்று சொல்லச் சொன்னால், "அத நீங்களே சொல்லிக்குங்க" என்று போனை நீட்டிவிடுவாள். ஈஜிபுராவில் பாதிப் பேருக்கு அவள் ஏதோ ஒரு தரம் தங்கையாகவோ அத்தையாகவோ இருந்திருக்கிறாள். நான் முணுமுணுப்பேன். ஆனால் மீட்டர் ஓடுகிறதே, எனக்கென்ன கஷ்டம்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த கடையில்தான் தொண்ணூற்றொன்பதாம் வருஷம் அந்தக் கிஷோர் காலை வைத்தான். பம்பாய்க்கு ஃபேக்ஸ் அனுப்ப வந்தான். இருபத்தேழு வயசு, கழுத்தில் டை, தோளில் கம்ப்யூட்டர் பை. ஃபேக்ஸ் போய்ச் சேர்ந்த பிறகும் நகரவில்லை. ஜூடித் ஒரு பாய்க்காக உருதுவில் பேசி முடித்து, கையோடு ஒரு வயசான அம்மாவுக்காகக் கன்னடத்தில் ஆரம்பித்ததைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"மேடம், இந்த பூத்ல உக்காந்து உங்க டேலன்ட்ட வேஸ்ட் பண்ணிட்டிருக்கீங்க" என்றான். என் கடையில், என் முன்னால்.

"ஃபேக்ஸுக்குக் காசைக் குடுத்துட்டு அப்பறமா டேலன்ட்டப் பேசு தம்பி" என்றேன்.

அவன் சிரித்தான். நல்ல சிரிப்புதான், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கே கதையை ஆரம்பித்தான். கோரமங்கலாவில் புதுசாகக் கம்பெனி திறந்திருக்கிறானாம். நம்மபேட்டே டாட் காம். சிவாஜிநகரில் இருக்கிற சின்னச் சின்னக் கடைகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவானாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கிறவர்கள் அதைப் பார்த்து ஆர்டர் கொடுப்பார்களாம். ஜூடித் அங்கே கஸ்டமர் கேர் மேனேஜர்.

"ஃபிராடு" என்றேன் அவன் போனதும்.

"உங்களுக்கு டை கட்டினவன் எல்லாம் ஃபிராடு" என்றாள்.

போகிற அன்றைக்குக் கொஞ்சம் கண் கலங்கினாள். எனக்குப் பாடம் வேறு நடத்தினாள். "போன எடுத்ததும் 'யாருய்யா அது'ன்னு கேக்காதீங்க பாஸ். 'சொல்லுங்க'ன்னு கேளுங்க. கஸ்டமர் பயந்துடறாங்க." நான் மீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தீபாவளிக்கு ஜெயலட்சுமி முறுக்கும் அதிரசமும் டப்பாவில் போட்டு என் கையில் திணித்தாள். "கோச்சிக்கினு உக்காந்தது போதும். போய்க் குடுத்துட்டு வா." போனேன். ஒரு பேக்கரிக்கு மேலே மாடி. கண்ணாடிக் கதவு. உள்ளே நீளமான ஹால், வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் பிளாஸ்டிக் உறை போட்ட கம்ப்யூட்டர். ஆள் என்று பார்த்தால் ஜூடித் ஒருத்திதான்.

"மத்தவங்கல்லாம் லீவா?"

"இனிமேதான் ஜாயின் பண்றாங்க பாஸ். அடுத்த மாசம். அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்."

அப்போது போன் அடித்தது. "குட் மார்னிங், நம்மபேட்டே டாட் காம்" என்று தேனாக எடுத்தாள். யாரோ அக்கவுண்ட்ஸைக் கேட்டார்கள் போல. "ஒன் மினிட் ப்ளீஸ், கனெக்ட் பண்றேன்" என்று ஒரு பொத்தானை அழுத்தினாள். அழுத்திவிட்டு எழுந்து, விறுவிறு என்று நடந்து நாலாவது மேசைக்குப் போய் உட்கார்ந்து, புடவையைச் சரிசெய்து, அங்கிருந்த போனை எடுத்தாள். "வணக்கம், அக்கவுண்ட்ஸ் அனுஷா பேசறேன்." சத்தியமாகச் சொல்கிறேன், அது வேறு பெண். மெல்லிய குரல், கொஞ்சம் கூச்சம். புதுசாகக் கல்யாணமான பெண் மாதிரி.

வைத்தபிறகு கேட்டேன். "பேசறதுதான் பேசறே, எதுக்கு எழுந்து போய்ப் பேசறே?"

"அந்த சீட்ல உக்காந்தாத்தான் பாஸ் அனுஷா வருது."

நான்கு நாற்காலிக்கு நான்கு பேர். வாசல் பக்கம் அவளே, ஜூடித்தாக. அக்கவுண்ட்ஸ் அனுஷா. டெக்னிக்கல் தீபிகா, அவள் எப்போதும் அவசரத்தில் இருப்பவள், பாதி வார்த்தையை விழுங்குவாள். ஓவர்சீஸ் கேரல், அவளுக்கு மூக்கால் இங்கிலீஷ். அக்கா பெயரையே எடுத்து வைத்துவிட்டாள். அனுஷாவுக்கும் தீபிகாவுக்கும் ஆகாது என்று வேறு என்னிடம் சொன்னாள். "ஏன் ஆகாது?" என்றால், "தீபிகா டீ குடிச்ச கப்ப கழுவறதில்ல பாஸ்" என்று சிரிக்காமல் சொன்னாள்.

"இது உனக்குத் தப்பாத் தெரியலையா?"

"இதுல என்ன தப்பு? நம்ம கடையில பண்ணதுதானே. பேச முடியாதவங்களுக்கு வாயி குடுத்தேன். இவங்க இன்னும் வரல, அவ்ளோதான் வித்தியாசம்."

அங்கேதான் அவள் ஏமாந்தாள். படிச்ச பெண்ணாக இருந்தால் முதல் வாரமே சந்தேகப்பட்டிருப்பாள், அல்லது தெரிந்தே காசுக்காகச் செய்திருப்பாள். இவளுக்கு இரண்டும் இல்லை. என் பூத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, இல்லாதவர் இடத்தில் நின்று பேசுவது உபகாரம் என்று ரத்தத்தில் ஊறிவிட்டது. அந்தப் பையன் வந்து கேட்டதும் அதையேதான்.

ஒரு தரம் பம்பாயிலிருந்து காசு போடுகிற பெரிய மனுஷர்கள் வருகிறார்கள் என்று என்னையும் கூப்பிட்டாள்.

"வந்து ஒரு சீட்ல உக்காந்தாப் போதும் பாஸ். புதுசா சேரப்போறவங்கள்லாம் லேட்டாகுது. சாருக்கு ஒரு உதவி."

"கம்ப்யூட்டர எனக்குப் பாக்கத்தான் தெரியும், டிவி மாதிரி."

"பாத்தாப் போதும்."

நான் முடியாது என்றேன். ஜெயலட்சுமி போனாள்! கல்யாணப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் ஒரு மேசையில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். தெருவிலிருந்து இன்னும் சிலரும் போனார்கள். "ஏசி நல்லாத்தான் கீது" என்றாள் திரும்பி வந்து. "வெள்ளக்கார ஆளு ஒருத்தரு என்னப் பாத்து கும்பிட்டாரு. நானும் கும்பிட்டேன்." இதற்கு மேல் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

ரெண்டாயிரம் வருஷம் பிறந்தது. ஜூடித் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது கடையில் நின்று ஆர்டர் கதைகளைச் சொல்லிவிட்டுப் போவாள். அதிலே அவளுக்கு ரொம்பப் பெருமை ஒன்றில்தான். சிவாஜிநகரில் அசோகன் என்று ஒரு தையல்காரர். கல்யாண கவுன், பிள்ளைகள் மாதா கோயிலில் முதன்முதலாக அப்பம் வாங்குகிற புது நன்மைக்குப் போடுகிற வெள்ளை கவுன் எல்லாம் தைப்பவர். கனடாவில் ஒரு கோயிலிலிருந்து அவருக்குப் பெரிய ஆர்டர் வந்திருக்கிறதாம். கிஷோர் அச்சடித்த காகிதம் கொடுத்தான், அனுஷாவாக இவள் போன் பண்ணிச் சொன்னாள்.

"நம்ம சிவாஜிநகர் கவுன், பாஸ், கனடாவுல புள்ளைங்க போட்டுக்கினு நன்மை வாங்கப் போகுதுங்க. அங்க குளிரு ஜாஸ்தின்னு முழுக்கை வச்சு உள்ள ஃபிளானல் குடுத்துத் தைக்கச் சொல்லியிருக்கேன்."

"யாரு சொன்னா அப்படி, கிஷோரா?"

"இல்ல, நானேதான். புள்ளைங்களுக்கு சளி புடிச்சிடும்ல."

அந்த அசோகனின் மகள் ரேவதிக்கு மூச்சிரைப்பு. அனுஷா மேடம் ஒவ்வொரு தரம் பேசும்போதும் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்காமல் வைக்க மாட்டாள். எந்த டாக்டர், என்ன மருந்து என்று. காசு எப்போது வரும் என்று கேட்கப் போன் பண்ணுகிற மனுஷன், அதைக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு மகளைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவார். இதைப் பின்னால் அவரே சொன்னார்.

ஜூன் மாதம், மழை. ஒரு நாள் காலையில் ஜூடித் நனைந்துகொண்டு என் கடைக்கு வந்தாள். ஆபீஸ் பூட்டியிருக்கிறது. மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்தாளாம், பேக்கரிக்காரன் சொன்னானாம், ஞாயிற்றுக்கிழமையே டெம்போ வந்து கம்ப்யூட்டரை எல்லாம் ஏற்றிக்கொண்டு போய்விட்டது என்று.

"சார் சிங்கப்பூர் போயிருப்பாரு" என்றாள். கிஷோரின் மொபைலுக்குப் போட்டாள். அணைத்து வைத்திருந்தது. அப்புறம் கம்பெனி நம்பருக்குப் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டே பாதி எழுந்தாள். அந்தப் போனை எடுக்க ஓட வேண்டியவள் அவள்தானே. அப்புறம்தான் உறைத்தது போல, மெதுவாக உட்கார்ந்தாள்.

முக்காலியைத் துடைத்து மேசை ஓரமாகத் தள்ளிவைத்தேன். மறுநாளிலிருந்து பழையபடி வந்தாள். கடைசி சில மாதம் சம்பளமே தரவில்லை அவன் என்று அக்கா கேரல் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வந்தாள், பில் போட்டாள், சில்லறை கொடுத்தாள். ஆனால் யாருக்காகவும் பேசவில்லை. யாராவது வந்து, "யக்கா, கொஞ்சம் பேசுக்கா" என்றால், "நீங்களே பேசுங்க" என்று தலையைக் குனிந்துகொள்வாள். அவர்களும் திக்கித் திணறிப் பேசிவிட்டு அழாத குறையாகப் போவார்கள். ஒரு கண்டக்டர் அம்மா என்னிடம் வந்து, "அந்தக்காவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தது. என்ன சொல்வது? உடம்பு நன்றாகத்தான் இருந்தது. குரலைத்தான் அவளே பூட்டி வைத்துவிட்டாள். அது திரும்ப வருமா என்பதுதான் எனக்கும் ஜெயலட்சுமிக்கும் ராப்பகல் பேச்சு.

அப்போதுதான் அசோகன் வந்தார். எங்களுக்கு அவரைத் தெரியாது. ஒல்லியான மனுஷன், காது மேலே சாக்பீஸ். கோரமங்கலாவுக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் எங்கே போன் என்று கேட்டு வந்திருக்கிறார். கூண்டுக்குள் போய் நம்பர் போட்டார், வெளியே வந்தார், மறுபடி போனார்.

"அடிக்குது, எடுக்கமாட்டேங்கறாங்க" என்றார் என்னிடம். "நம்மபேட்டேன்னு ஒரு கம்பெனி. அங்க அனுஷா மேடம்னு ஒருத்தங்க. அவங்களுக்குத் தகவல் சொல்லணும், எப்படிச் சொல்றதுன்னு தெரியல. கவுனெல்லாம் ரெடி. வீடு பூரா அதுதான், படுக்க எடமில்ல."

ஜூடித் தலையைத் தூக்கவில்லை. விரல் மட்டும் மீட்டர் மேல் நின்றுவிட்டது.

"கம்பெனி ஓடிப்போச்சுய்யா" என்றேன்.

"கம்பெனி ஓடிடட்டும் சார். அவங்க அப்படி ஆளில்ல. என் சம்சாரம்கூட அப்படித்தான் கத்துது, எல்லாம் ஒரே கூட்டம்னு. நான் சண்டை போட்டேன். ஒரு பொம்பள, முன்னப் பின்ன தெரியாதவ, நம்ம புள்ளைக்கு மருந்து எழுதிக் குடுத்த டாக்டரு பேரக்கூட ஞாபகம் வச்சிக் கேக்கறா, அவளா ஏமாத்துவா? அவங்களயும் ஏமாத்தியிருப்பானுங்க."

ஜூடித் எழுந்தாள். "அனுஷான்னு யாரும் இல்லைங்க. நான்தான் பேசினேன்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "இல்லம்மா, நீங்க இல்ல. அவங்க அக்கவுண்ட்ஸ்ல இருக்காங்க."

"அக்கவுண்ட்ஸே இல்லைங்க. நான்தான்."

"அவங்க கொரலு எனக்குத் தெரியாதா? சின்னப் பொண்ணு அவங்க." எரிச்சலோடு என்னைப் பார்த்தார், இந்தப் பைத்தியத்தைக் கொஞ்சம் விலக்கி வையுங்கள் என்கிற மாதிரி. பையை எடுத்துக்கொண்டு கிளம்பியும் விட்டார். விட்டிருந்தால் போயிருப்பார். அனுஷாவை நம்பிக்கொண்டே ஊரெல்லாம் தேடியிருப்பார். ஜூடித்துக்கு அதுதான் நல்லது என்றுகூட எனக்குத் தோன்றியது.

அவள் முக்காலியை விட்டு இறங்கி, கூண்டுக்குள் போய், அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"வணக்கம் அசோகன் சார், அக்கவுண்ட்ஸ் அனுஷா பேசறேன். ரேவதிக்கு இப்ப மூச்சு எப்படி இருக்கு?"

அந்த மெல்லிய குரல். அந்தக் கூச்சம். அசோகன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. "இப்ப பரவாயில்ல மேடம்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. பழக்கம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டார். அப்புறம்தான் அழுதார். கூண்டுக்குள் அவளும் அழுதாள். எனக்கு டீ வாங்கி வருவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

அதற்குப்பின் நடந்ததை நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். மறுநாளிலிருந்து, கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து, அவள் ஒவ்வொரு கடைக்காரருக்கும் போன் பண்ண ஆரம்பித்தாள். நம்பர் எல்லாம் அவளுக்கு மனப்பாடம், ஆபரேட்டர் இல்லையா. "நான் ஜூடித் பேசறேன். அனுஷா, தீபிகா, கேரல் மூணும் நான்தான். உங்க கடைக்கு ஆர்டர் எதுவும் வரல. எனக்கும் தெரியாம இருந்தது, ஆனா சொன்ன வாய் என்னுது." இதையே எல்லாருக்கும். சிவாஜிநகர் துணிக்கடை பாய் ஒருவர் உருதுவில் திட்டியது கூண்டுக்கு வெளியே எனக்குக் கேட்டது. அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை, முடிகிறவரை கேட்டாள். சிலர் அவளே கூட்டாளி என்றார்கள். போலீஸ்காரர் வந்தது அதனால்தான். அவரிடமும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டே, "நீங்க மட்டும் நாலு பேரா?" என்று இரண்டு தரம் கேட்டார். பாவம், அவருக்கு எழுத வரவில்லை. அக்கா கேரல் வேறு, "என் பேர ஏண்டி அதுல இழுத்தே, பிரின்சிபால் கூப்பிட்டுக் கேக்கறாங்க" என்று தினம் சண்டை.

கவுன்களை அசோகனும் இவளும் மூட்டை கட்டிக்கொண்டு கன்டோன்மென்ட் பக்கத்துக் கோயில் கோயிலாக ஏறி இறங்கினார்கள். பாதிக்கு மேல் விற்றது. அடுத்த வருஷம் புது நன்மைக்குக் கோடை வெயிலில் முழுக்கை ஃபிளானல் கவுன் போட்டுக்கொண்டு பிள்ளைகள் வேர்த்து விறுவிறுத்து நின்றதைப் பார்த்து, ஜூடித் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம். ஜெயலட்சுமி பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

பழையபடி வாய் கொடுக்கவும் ஆரம்பித்தாள். ஆனால் ஒரு வித்தியாசம். இப்போதெல்லாம் எடுத்ததுமே, "நான் ஜூடித், ஈஜிபுரா எஸ்டிடி பூத்துலேர்ந்து, இந்தம்மாவுக்காகப் பேசறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் மற்றது. தங்கச்சி, அத்தை எல்லாம் போயிற்று. "இதுக்கு அந்தப் பழைய பேச்சே தேவல, உருக்கமா இருந்தது" என்று நான்கூடச் சொன்னேன். கேட்கவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், முக்கால்வாசிப் பேர் போனை வைக்காமல் கேட்டார்கள்.

பொய் ஆபீசும் பொய் ஆர்டரும் காட்டிப் பம்பாய்க்காரர்கள் காசைச் சுருட்டினவன் என்று பேப்பரில் கிஷோர் படம் வந்த அன்றைக்கு அதை மடித்து அவள் முன்னால் போட்டேன். "பாரு. நான் முதல் நாளே என்ன சொன்னேன்?"

படத்தை நிதானமாகப் பார்த்தாள். "நீங்க பால்காரன ஃபிராடுன்னு சொன்னீங்க. லைன்மேன சொன்னீங்க. கேரலுக்கு வந்த மாப்பிள்ளையச் சொன்னீங்க. எல்லாரையும் சொன்னா ஒண்ணு பலிக்காதா பாஸ்?" என்று அந்தப் பேப்பரிலேயே பஜ்ஜியை வைத்துச் சாப்பிட்டாள்.

எல்லாருக்கும் சொல்லிமுடித்தாள், ஒருத்தரைத் தவிர. நோரா என்று தனியாக இருக்கிற வயசான அம்மா, லிங்கராஜபுரத்தில். கையால் லேஸ் பின்னி விற்பவள். உங்கள் லேஸ் படம் திங்கட்கிழமை கம்ப்யூட்டரில் வந்துவிடும் என்று வாராவாரம் தீபிகா அவளுக்குச் சொல்லியிருக்கிறாள். நோரா அந்தத் திங்கட்கிழமைக்காகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு பின்னிக் குவித்திருக்கிறாள். ஜூடித் போன் பண்ணி வாயைத் திறந்ததுமே, கம்பெனியில் முதலில் போனை எடுக்கிற குரல் என்று கண்டுபிடித்து நோரா டொக்கென்று வைத்துவிடுவாள். பெயரைச் சொல்லக்கூட நேரம் கிடைக்காது. வேறு குரலில் பேசிப் பார் என்று சொன்னேன். அதற்குக் கோபித்துக்கொண்டு என்னோடு ஒரு நாள் பேசவில்லை. நேரிலும் போனாள். கதவுக்கு வெளியே நின்று பேசினாள். உள்ளே ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டாள் அந்த அம்மா.

அப்புறம் ஆளுக்கொரு மொபைல் வந்தது. என் கூண்டில் ஜெராக்ஸ் மெஷின் வைத்தேன். ஜூடித் ரீசார்ஜ் கார்டு விற்றாள். கடையில் பழைய வேலையில் பாதிகூட இல்லை. போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, போக அவளுக்கும் மனசில்லை. அந்தச் சமயத்தில்தான் கிட்னி கெட்டுப்போய்ப் படுத்தாள். வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரி. ஜெயலட்சுமி கஞ்சி கொண்டுபோவாள், அசோகன் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பார்.

கடைசியாக நான் பார்த்த அன்றைக்கு அவளுக்குப் பேச்சு ரொம்ப இறங்கியிருந்தது. கிட்டே குனிந்து கேட்க வேண்டியிருந்தது. கிராம்பு வேண்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, என் சட்டைப்பையில் இருந்த மொபைலைக் காட்டினாள். நோரா நம்பரை ஒவ்வோர் எண்ணாகச் சொன்னாள், நான் அழுத்தினேன்.

"நான் என்னத்தச் சொல்றது?" என்றேன்.

"தீபிகான்னு யாரும் இல்ல, ஜூடித்தான் திங்கக்கிழமை திங்கக்கிழமைன்னு சொன்னா, அவ மன்னிப்புக் கேக்கறான்னு சொல்லுங்க பாஸ். என்ன மாதிரி இனிப்பாப் பேசாதீங்க, வச்சிடுவாங்க. நீங்க எப்பவும் போன எடுத்ததும் 'யாருய்யா அது'ன்னு கேப்பீங்களே, அந்தக் கொரல்லயே சொல்லுங்க."